உயிரோடிருப்பவளின் தூண்டில் பெட்டி

கையில் இறால் வாடை அடித்தால் யாரும் தலையைக் கொடுக்க மாட்டார்கள். அக்கா ரப்பர் மீனுக்கு மாறியதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

எங்கள் கடை முடி வெட்டுகிற கடை. ஆண், பெண், குழந்தை, யார் வந்தாலும் வெட்டுவோம். வாசல் பக்கத்து நாற்காலி அக்காவுடையது, அடுத்தது என்னுடையது. மூன்றாவது முதலாளியம்மாவுடையது, அதில் பெரும்பாலும் துண்டுதான் காயும். அக்கா எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படகுத்துறையில் மட்டும் கத்திரி அக்கா.

அவளுக்கு இளவயதில் ஒரு கல்யாணம் நடந்தது, சரிப்பட்டு வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு மாடியறைதான் அவள் வீடு. வாரத்தில் கடை மூடியிருக்கும் நாளில் காலை முதல் பேருந்தைப் பிடித்து, ஆறு கடலில் சேருகிற இடத்துப் படகுத்துறைக்குத் தூண்டிலோடு போய்விடுவாள். ஆரம்பத்தில் இறாலைத்தான் கோத்துப் போட்டிருக்கிறாள். மறுநாள் ஒரு வாடிக்கையாளர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூக்கைச் சுளித்து, "ஏம்மா, மீன் மார்க்கெட்ல இருந்து நேரா வர்றியா?" என்று கேட்டாள். அக்கா எலுமிச்சை தேய்த்தாள், காபித்தூள் தேய்த்தாள், வாடை போகவில்லை. அடுத்த வாரம் தூண்டில் சாமான் கடைக்குப் போய் ரப்பர் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விரல் நீளத்துக்கு, குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி மெத்தென்று இருக்கும். கொக்கியின் தலையில் ஈயக் குண்டு. அந்தக் கொக்கியில் இதைக் கோத்து எறிந்தால் தண்ணீருக்குள் வாலை ஆட்டிக்கொண்டு வரும். சிலது புழு மாதிரி, சிலது குட்டி மீன் மாதிரி, சிலதற்கு ஊசி வால், சிலதற்குத் துடுப்பு மாதிரி அகல வால். கடையில் சுவர் முழுக்க மிட்டாய்க் கலரில் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் எது பளபளப்பாக இருக்கிறதோ அதை அள்ளிக்கொண்டு போவார்கள்.

அக்கா அப்படி எடுக்க மாட்டாள். "தலைக்கு அடிக்கிற டையில டப்பா மேல இருக்கிற கலரா முடியில வருது? இதுவும் அப்படித்தான். கடை வெளிச்சத்துல ஒரு ஆளு, தண்ணிக்குள்ள போனா வேற ஆளு" என்பாள்.

துறைக்குப் போனதும் எறிந்துவிடவும் மாட்டாள். முதலில் ஒரு வெள்ளை ரப்பர் மீனை நூலில் கட்டித் தூணோரமாக மெதுவாக இறக்குவாள். அது எங்கே மறைகிறது என்று பார்ப்பாள். இறக்கியதுமே மறைந்தால் கலங்கல் தண்ணீர். அன்றைக்குக் கறுப்பும் கருஞ்சிவப்பும், அகல வாலும். மீனுக்கு அப்போது கண் தெரியாது, அதிர்வை வைத்துத்தான் தேடி வர வேண்டும். நெடுநேரம் தெரிந்துகொண்டே இருந்தால் தெளிவான தண்ணீர். அன்றைக்கு உள்ளே வெளிச்சம் பாய்கிற மங்கல் நிறம், மெல்லிய உடம்பு. நீரோட்டம் இழுத்தால் கனத்த ஈயம், அடங்கியிருந்தால் லேசானது. இதெல்லாம் பாதிதான். மீதி, எறிகிறவர் கை.

துறைக்கு வருகிறவர்களில் கப்பல் பட்டறை வெல்டர் ஒருவர் உண்டு. கால் தரையில் நிற்காது அவருக்கு. எறிந்த கையோடு நூல் சுற்றுகிற ரீலைச் சுற்றித் தள்ளுவார். அக்கா என்ன போடுகிறாளோ அதையே வாங்கிப் போட்டு ஒன்றும் கிடைக்காமல் ஒருநாள் புலம்பினார். அக்கா அவர் பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"என்னைப் பாத்து வாங்காதீங்க தம்பி. நான் தூக்கித் தூக்கி விழ விட்டுக் காத்துக் கிடக்கிறவ. நீங்க பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி இழுக்கிறீங்க. உங்க வேகத்துக்கு அகல வால் தாங்காது, சுத்தும். ஊசி வால் போடுங்க."

அதற்குப் பிறகு அவர் அக்காவின் பக்தர்.

அவளுடைய கை அப்படி. தூண்டில் கம்பான ராடைத் தோள் உயரத்துக்கு நிதானமாக உயர்த்துவாள். ரப்பர் மீன் அடியிலிருந்து எழும். பிறகு நூலைத் தளர விடுவாள். அது தள்ளாடிக்கொண்டே கீழே விழும். அந்த விழுகிற நேரத்தில்தான் கொடுவா மீன் வந்து கவ்வும். வால் இன்னும் குழைந்து ஆட வேண்டும் என்று, எங்கள் கடையில் முடியின் அடர்த்தி குறைக்கிற பல்வைத்த கத்திரியால் வாலின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவாள். மதிய நேரம் கூட்டமில்லாதபோது அவள் மடியில் துண்டை விரித்துக்கொண்டு இந்த வேலை நடக்கும். எல்லாம் அறை அறையாகப் பிரித்த ஒரு தூண்டில் பெட்டியில் இருக்கும். ஒரு வகை ரப்பரும் இன்னொரு வகையும் ஒட்டி இருந்தால் ஒன்றையொன்று கரைத்துவிடும். வெயில் பட்டால் உருகும். அதனால் வகைக்கு ஒரு அறை, மூடி எப்போதும் இறுக்கமாக.

முடி வெட்டுகிறவர்களுக்கு உடம்பில் முதலில் போவது தோள்தான். நாள் முழுக்க இரண்டு கையும் அந்தரத்தில் நிற்கிறதே. அக்காவுக்கு வலது தோளில் உள்ளே ஏதோ கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து, கையை மார்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். மாடி ஏற வேண்டாம் என்று அண்ணன் வீட்டில் அவளைக் கீழே கூடத்தை ஒட்டின அறையில் படுக்க வைத்தார்கள். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணி தலை வாரி விட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள்.

கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் அக்கா தானாக மாடிக்கு ஏறிப் போனாள். கதவுக்குப் பின்னால் ராடு இல்லை. அலமாரி மேல் பெட்டி இல்லை. கீழே வந்து அண்ணியைக் கேட்டாள். அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, "உங்க அண்ணனையே கேளு" என்றாள்.

அண்ணன் ஒரு கம்பெனி அலுவலகத்தில் உதவி மேலாளர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னாராம்:

"அதுவா? எங்க பெரிய மேனேஜருக்குக் கொடுத்துட்டேன்மா. அவருக்கு மீன் பிடிக்கக் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"கேட்டா நீ வருத்தப்படுவேன்னுதான் கேக்கலை."

இதை அக்கா கடையில் எங்களிடம் சொன்னபோது என் கையிலிருந்த சீப்பு நின்றுவிட்டது. கேட்டால் வருத்தப்படுவாளாம், அதனால் கேட்கவில்லையாம். திருடனுக்குக்கூட இவ்வளவு கரிசனம் கிடையாது.

அவர் மேலும் சொல்லியிருக்கிறார்: "டாக்டர் என்ன சொன்னாரு? கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாதுன்னாரு."

"ஆறு மாசத்துக்குத் தூக்கக் கூடாதுன்னாரு."

"அதேதான்மா."

"அதே இல்லை."

"சரி, ரப்பர் புழுவுக்கா இவ்வளவு கோபம்? கை நல்லாகட்டும், புதுசா வாங்கித் தர்றேன்."

"புதுசு வேணாம். என்னோடது வேணும்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது மரியாதையா?"

"அண்ணா, போன வருஷம் உனக்குக் கால் உடைஞ்சு கட்டுப் போட்டிருந்தப்போ, உன் வண்டியை எடுத்து எங்க முதலாளியம்மாவுக்குக் கொடுத்தேனா?"

அதற்கு அவர் சிரித்திருக்கிறார். "வண்டியும் இதுவும் ஒண்ணா? வண்டி வேலைக்குப் போறதுக்கு."

அந்த அலுவலகத்தில் ஒரு மேலாளர் நாற்காலி காலியாகப் போகிறது, யாரை உட்கார வைப்பது என்று அந்தப் பெரிய மேலாளர்தான் சொல்ல வேண்டும் என்பது அண்ணி பிறகு வாய்விட்ட சங்கதி. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறார். உடைத்ததைக்கூட மன்னிக்கலாம். தேங்காய்க்காரியிடமே "உன் நல்லதுக்குத்தான் உடைச்சேன்" என்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

விஷயம் தெரிந்து சித்தி ஒருத்தி போன் செய்தாள். "அவன் உன்னைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறான், ஒரு தூண்டில் குச்சிக்குப் போய் அவன்கிட்ட முகத்தைத் தூக்கி வச்சுக்கிறியே." முதலாளியம்மாவும் அதே பாட்டுத்தான்: "கைதான் வரலையே, இருந்தா மட்டும் என்ன பண்ணப் போறே?" எல்லாரும் அவளிடம் மெல்லிய குரலில், காய்ச்சல் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்கள். அக்காவின் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்ப்பேன். ஆனால் கத்த மாட்டாள். கத்தினால், "பாவம், வலி, அதான் இப்படி" என்று அதையும் தோள் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் செய்தது வேறு. அடுத்த விடுமுறை நாளில் துறைக்குப் போய் வெல்டரிடம் அவருடைய பழைய சின்ன ராடை இரவல் வாங்கினாள். இடது கையால் எறியக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். சாமான் தூக்க நானும் கூடப் போனேன். அதனால் இது கண்ணால் பார்த்தது. தலைக்கு மேல் வீச முடியாதே, இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில்தான் வீச வேண்டும். முதல் வீச்சு அவள் சேலையிலேயே மாட்டியது. இரண்டாவது வெல்டரின் தொப்பியைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டது. அவர் மறு வாரம் வெறுந்தலையோடு தள்ளி நின்றார்.

வீச்சு ஒருவழியாகக் கைவந்த பிறகு இன்னொரு சிக்கல். இடது கைக்கு அந்தப் பழைய தூக்கி விழவிடுகிற நிதானம் வரவில்லை. மணிக்கட்டு வெட்டி வெட்டி இழுத்தது. சாமான் கடையில் அவள் தனக்குப் பிடித்த பழைய வகையையே திரும்ப வாங்கி வந்து போட்டுப் பார்த்தாள். ஒரு கடிகூட இல்லை. சில வாரம் கழித்துத்தான் சுவரில் வேறு பக்கம் போய் நின்றாள். அகலத் துடுப்பு வால், குட்டி உடம்பு, லேசான ஈயம்.

"முன்னெல்லாம் மீன் சும்மா இருக்கும், கை ஆடும்" என்றாள் என்னிடம். "இப்போ கை சும்மா இருக்குது. அதனால மீன் தானா ஆடணும்."

ராடை அசைக்காமல், ரீலை மட்டும் சீராக, மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தாள். துறையைத் தாண்டின ஆற்றுப் பாலத்துத் தூண் நிழலில் ஒரு குட்டிக் கொடுவா கவ்வியது. உள்ளங்கை நீளம் இருக்கும். அதைத் திரும்ப விட்டுவிட்டு, "போ, உங்க அம்மாவை அனுப்பு" என்றாள். கட்டு அவிழ்த்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதே மாதம் அந்த மேனேஜர் துறைக்கு வந்தார்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. நாங்கள் பாலத்தடியிலிருந்து திரும்பித் துறை வழியாகப் பேருந்துக்கு நடந்துகொண்டிருந்தோம். சிமெண்டு மேடை ஓரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், பக்கத்தில் அண்ணன் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு. பெரியவர் கையில் அக்காவின் ராடு. எனக்கே அடையாளம் தெரிந்தது. கைப்பிடியில் அவள் சுற்றின நீலத் துணி நாடா அப்படியே இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பெரியவர் கோத்திருந்ததோ கலங்கல் தண்ணீருக்கான பெரிய கறுப்பு. பாவம், அவருக்கு என்ன தெரியும். அண்ணன், "அருமையான வீச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பெட்டி மேடையில் வெயிலில் மூடி திறந்து கிடந்தது.

அக்கா நேராகப் பெட்டியிடம் போய்க் குந்தினாள். அறை அறையாக இருந்ததெல்லாம் ஒரே குவியலாக அள்ளிப் போடப்பட்டிருந்தது. வெள்ளையில் சிவப்பு இறங்கி, பச்சையின் வால் மஞ்சளின் வயிற்றில் ஒட்டி, அடியில் பிசின் மாதிரி ஒரு கலவை. மதியம் மதியமாக உட்கார்ந்து அவள் சீவின வால்கள். ஒன்றைப் பிரித்து எடுக்கப் பார்த்தாள். இழுவையாக நூல் விட்டது.

அண்ணன் முகம் வெளுத்தது. "நீ எங்கம்மா இங்கே? தோள் வலிக்கப் போகுது, வீட்டுக்குப் போ."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. எழுந்து பெரியவரிடம், "சார், இந்த ராடும் பெட்டியும் என்னோடது" என்றாள்.

பெரியவர் குழம்பினார். "உங்களோடதா? இது இவரோட அப்பா வச்சிருந்ததுன்னு சொன்னாரே. அவர் தவறிட்டாரு, வீட்டுல தொடறதுக்கு ஆள் இல்லைன்னு…"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா பஸ் கண்டக்டர் சார்" என்றாள் அக்கா. "தண்ணியைப் பாத்தா அவருக்குத் தலை சுத்தும். பாலம் வந்தா கண்ணை மூடிக்குவாரு. அவர் ஒரு நாளும் தூண்டிலைத் தொட்டதில்லை. இதுல இருக்கிற ஒவ்வொண்ணையும் நான் வாங்கினேன், நான் வெட்டினேன். தொடறதுக்கு ஆள் இருக்கேன். செத்தும் போகலை."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா" என்றார் அண்ணன், அதே மெல்லிய குரலில்.

"வீட்டுல பேசினப்போ சிரிச்சே. இங்கேயே பேசு. சார்கிட்ட சொல்லு, இது யாரோடது?"

அண்ணன் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், "என் தங்கச்சியோடது சார், கேக்காம எடுத்துட்டேன்" என்று சொல்லியிருந்தால், அத்தோடு முடிந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவருக்கு அது வரவில்லை. பெரியவர்தான் நூலைச் சுற்றி, ராடை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். வெல்டர் இதற்குள் வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார்; அவர் எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றார். அதுவே போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலமே வீட்டில் பஞ்சாயத்து. நாலு பேர் முன்னால் அண்ணனை அவமானப்படுத்திவிட்டாளாம். மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அதுவும் அவள். அலுவலகத்தில் அவர் பெயர் கெட்டுவிடும் என்று சித்தி போனில் அழுதாள். ஒன்றும் கெடவில்லை. அடுத்த மாதமே அவருக்கு அந்த மேலாளர் நாற்காலி கிடைத்துவிட்டது. கிடைக்காமல் என்ன? செத்துப்போன அப்பாவைத் தூண்டில்காரர் ஆக்கினதற்கு எந்த அலுவலகம் ஆளைத் தள்ளி வைத்திருக்கிறது?

அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, துணி தேய்க்கிற கடைக்கு மேலே ஓர் அறை பார்த்தாள். பகலெல்லாம் கீழே இருந்து சூடான துணி வாசம் வரும். அவள் சாமான் கொண்டுபோன நாளில் அண்ணி வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். படியேறும்போது, "கொடுக்க வேணாம்னுதான் நான் அவர்கிட்ட சொன்னேன்" என்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

அண்ணி மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஜன்னலுக்குத் திரை அளவு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த அறையில் வைத்து அக்கா பெட்டியைச் சுத்தம் செய்தாள். உருகினதையெல்லாம் குப்பைக்குப் போட்டாள். தப்பிப் பிழைத்தவற்றில் பெரும்பாலானவை பழைய வலது கைக்கானவை. இந்தக் கைக்கு உதவாது. அவ்வளவு சண்டை போட்டு வாங்கினதை அவள் எடுத்து வைத்துக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அதிலேயே நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு பையில் போட்டு, துறைக்குப் புதிதாக வர ஆரம்பித்திருந்த ஒரு தபால்காரரிடம் கொடுத்துவிட்டாள். அவருக்கு நிதானமான கை.

எனக்குச் சுருக்கென்றது. "இதுக்காகவா இவ்வளவு பாடுபட்டே?" என்றேன்.

"அவன் கொடுத்தான், இப்போ நான் கொடுத்தேன். ரெண்டும் ஒண்ணா உனக்கு?" என்று என் மேலேயே பாய்ந்தாள்.

சில மாதம் கழித்து அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார். அக்காவின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கையெட்டும் தூரத்தில் ஒரு பெண்ணுக்குத் தலை அலசிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, மாடியறை அப்படியேதான் இருக்குது. யாரையும் வைக்கலை" என்றார்.

நான் அவர் கழுத்தில் துணியைச் சுற்றினேன்.

குழாயை நிறுத்திவிட்டு அக்கா கேட்டாள்: "மன்னிப்புக் கேக்க வந்தியா அண்ணா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் தோன்றியது. பிறகு, "எதுக்கும்மா மன்னிப்பு? உன் நல்லதுக்குத்தானே பண்ணேன்" என்றார்.

"அப்போ முடி வெட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிக் குழாயைத் திறந்தாள்.

வெட்டினேன். ஒழுங்காகத்தான் வெட்டினேன். துண்டைத் தட்டி அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், அக்கா அந்தப் பெண்ணின் தலையைத் துவட்டிக்கொண்டே, நாளைக்குத் துறையில் கடல் தண்ணீர் ஏறுவது எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள். முகம் மட்டும் சிவந்து போயிருந்தது.